'தகரக் கூரை' மீதான வாக்கெடுப்பு

மின்னல் ஆரோக்கியத்தின் தலைமுடி கறுப்பு என்று ரசிகர் மன்றத்தின் போன மாதக் கூட்டத்தில் முடிவானது. அன்று சாயங்காலத்திலிருந்து அது கறுப்பாகத்தான் இருக்கிறது. அதற்கு முந்தின கூட்டத்தில் அவர் உயரம் ஆறடி என்று ஒரு தீர்மானம் வந்து, யாரோ ஒருவர் கை தூக்காததால் தோற்றுப்போனது. அதிலிருந்து அவர் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைந்துகொண்டு வந்தார்.

மன்றத்துக்கு விதி ஒன்றே ஒன்றுதான். எல்லாக் கையும் மேலே போனால் தீர்மானம் நிறைவேறும். ஒரு கை கீழே இருந்தாலும் நிறைவேறாது. கூட்டத்துக்குப் போகாமல் வீட்டிலேயே இருந்து தப்பித்துக்கொள்ளலாம் என்று யாரும் நினைக்க வேண்டாம். வராதவர்களின் கை, அவர்கள் சோறு பிசைந்துகொண்டிருந்தாலும் சரி, முகம் மழித்துக்கொண்டிருந்தாலும் சரி, அந்த நேரத்துக்குத் தானாக மேலே போய்விடும்.

தமயந்திக்கு இதெல்லாம் அத்துப்படி. பள்ளிக்கூடத்தில் படிக்கும்போதே மன்றத்தில் சேர்ந்தவள் அவள். வடசென்னையில் ராக் பாடகருக்கு ரசிகர் மன்றமா என்று சிரிப்பவர்கள் சிரித்துவிட்டுப் போகட்டும். சித்திரை வெயிலில் தோல் ஜாக்கெட் போட்டுக்கொண்டு, ரயில்வே மைதானத்தில் கிடாரைக் கதறவிட்ட மனுஷன் அவர். அவருக்காக அவள் வகுப்புக்கு மட்டம் போட்டிருக்கிறாள். அப்பாவிடம் பெல்ட் அடி வாங்கியிருக்கிறாள். கட்அவுட்டுக்குப் பால் ஊற்றச் சாரத்தில் ஏறி முட்டியைப் பெயர்த்துக்கொண்டிருக்கிறாள்.

அப்படிப்பட்டவள் இந்த ஞாயிற்றுக்கிழமை மதியம் கூட்டத்துக்குக் கிளம்பியது கை தூக்காமல் இருப்பதற்காக. மகள் லோசனியையும் கூட்டிக்கொண்டு போனாள்.

விஷயம் இதுதான். ஆரோக்கியம் அண்ணனுக்கு வயதாகிவிட்டது. அவருக்குப் பிறகு அவர் போட்டதில் எது நிற்க வேண்டும், எது போக வேண்டும் என்பதை ரசிகர்கள்தானே சொல்ல முடியும்? அதனால் ஆல்பங்களை ஒவ்வொன்றாகப் போட்டுக் கேட்டு, தேறாததை நீக்கிவருகிறார்கள். ஓர் ஆல்பம் போனால் அதனால் நடந்ததும் அதோடு போய்விடும். பறிகொடுத்தவருக்கு மட்டும் அது தெரியாது. மற்றவர்களுக்குத் தெரியும். ஆனால் சொல்வது நாகரிகமில்லை என்பதால் யாரும் சொல்வதில்லை.

'உப்பு' என்கிற ஆல்பம் நீக்கப்பட்டபோது மன்றத்துக் கோதண்டத்துக்கு மனைவி போய்விட்டாள். அந்த ஆல்பத்தின் முதல் கச்சேரியில்தான் அவர் சகுந்தலாவைப் பார்த்தார். இப்போது அவர் கட்டைப் பிரம்மச்சாரி. "கல்யாணமா, எனக்கு எங்கப்பா நேரம்?" என்று உற்சாகமாகக் கேட்பார். ஓட்டலில் மசால் தோசை வாங்கினால் மட்டும் பாதியைப் பிய்த்து மறு ஓரத்தில் ஒதுக்கிவைத்துவிட்டு, ஏன் வைத்தோம் என்று அதையே பார்த்துக்கொண்டிருப்பார். தமயந்தி அவர் கல்யாணத்தில் சாப்பிட்டவள்தான். அவளும் வாயைத் திறந்ததில்லை.

இன்றைக்கு 'தகரக் கூரை'. அந்த ஆல்பம் வெளியான காலையில் கடை வாசலில் நீண்ட வரிசை. நல்ல மழை. முன்னால் நின்றவன் திரும்பிப் பார்த்துக் குடையைக் கொஞ்சம் பின்னால் சாய்த்தான். அவனைத்தான் தமயந்தி கட்டிக்கொண்டாள். அந்த ஆள் பிற்பாடு வேறு ஒருத்திக்குக் குடை பிடிக்கப் போய்விட்டான். அவன் நீங்குவதாக இருந்தால் தமயந்தி இரண்டு கையையும் தூக்குவாள். ஆனால் லோசனி?

லோசனிக்குப் பதினோரு வயது. நகம் கடிப்பாள், வாய் ஓயாது, கணக்கு வராது. அவள் செத்துப்போனால்கூட அழுது தீர்க்கலாம். இது அழவும் விடாது.

கூட்டம் அன்னம் மகால் கல்யாண மண்டபத்தில். வாசலில் அண்ணனின் கட்அவுட் போன மாதத்தைவிட வளர்ந்திருந்தது. முகம் தெரியவில்லை. உச்சியில் ஊற்றிய பால் இப்போதுதான் முழங்காலுக்கு வந்து சேர்ந்திருந்தது.

"அம்மா, கை தூக்கிட மாட்டல்ல?" என்று லோசனி கேட்டாள்.

"மாட்டேன்டி."

"மறந்து தூக்கிட்டா?"

"நீ புடிச்சுக்கோ."

லோசனி அம்மாவின் வலது கையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள். வாசலிலிருந்து கூடத்துக்குப் போகும் நடை எப்போதும் பத்துத் தப்படிதான் இருக்கும். இன்று அவர்கள் நடக்க நடக்க அது முன்னால் நீண்டுகொண்டே போனது. இரண்டு பக்கமும் மணமகன் அறை, மணமகள் அறை, மணமகன் அறை, மணமகள் அறை என்று கதவுகள். எல்லாம் வெளியில் தாழ் போட்டிருந்தன. ஒரு கதவுக்குப் பின்னால் யாரோ ஒரு பெண் கிடாருக்குச் சுருதி சேர்த்துக்கொண்டிருந்தாள். அது சேரவில்லை.

நடையின் பாதியில், பிளாஸ்டிக் நாற்காலியில், தோல் ஜாக்கெட் போட்ட சின்ன உருவம் ஒன்று உட்கார்ந்திருந்தது. கால் தரையைத் தொடவில்லை. முடி கன்னங்கரேல் என்று இருந்தது. மின்னல் ஆரோக்கியம்.

"யாரு?"

"தமயந்திண்ணே. வியாசர்பாடி கிளை."

"பால் ஊத்தவா?"

"இல்லண்ணே. இன்னிக்கு 'தகரக் கூரை'."

அவர் யோசித்தார். "அது நல்லாத்தான இருந்துச்சு?"

"உங்களுக்குப் புடிக்குமாண்ணே?"

"அதுதான் எனக்கு உசுரு. அதனாலதான் வெளிய சொல்றதில்ல." லோசனியைப் பார்த்தார். "இந்தப் பாப்பா அதுலருந்து வந்ததா?"

"ஆமாண்ணே."

"எத்தினியாவது பாட்டு?"

"எல்லாப் பாட்டும் சேர்ந்துதாண்ணே."

ஆரோக்கியம் லோசனியின் தலையில் கை வைக்கப் பார்த்தார். எட்டவில்லை. அவள் குனிந்து காட்டினாள்.

தமயந்தி அப்போது ஒரு காரியம் செய்தாள். அவள் கையைக் கீழே வைத்திருந்தாலே போதும், ஆல்பம் பிழைத்துவிடும். ஆனால் தன் கை மேல் அவளுக்கு முழு நம்பிக்கை இல்லை. ஒன்றுக்கு இரண்டாக இருக்கட்டும் என்று நினைத்தாள். பெற்றவள் வேறு எப்படி நினைப்பாள்?

"அண்ணே, நீங்க ஒரு வார்த்த சொல்லணும்."

"நான் மெம்பர் இல்லியேம்மா. எனக்கு ஓட்டு கிடையாது."

"ஓட்டு வேணாம். எந்திரிச்சு நிறுத்துங்க. நீங்க நிறுத்துன்னா நிறுத்திடுவாங்க."

"சரிம்மா. நிறுத்துறேன்."

மனதாரத்தான் சொன்னார். பின்னால் அவரைத் திட்டத் தோன்றும்போது இதையும் சேர்த்து நினைக்க வேண்டும்.

கூடத்துக்குள் எல்லா நாற்காலியும் நிறைந்திருந்தது. கடைசி வரிசைக்கு முன்வரிசையில் இரண்டு இடம் மட்டும் காலியாக இருந்தது. மேடையில் செயலாளர் குணாளன் நின்றார். மைக் இல்லாமலே மைக்கில் பேசுவதுபோல் ஒலிக்கும் குரல் அவருக்கு. அவர் கண்ணைக் காட்ட, ஆல்பம் ஆரம்பமானது. தகரத்தின் மேல் மழை விழுந்தது. அதற்குள்ளிருந்து கிடார் எழுந்து வந்தது. தமயந்தியின் உடம்பு சிலிர்த்தது. எத்தனை வருடம் ஆனால் என்ன, அந்த இடம் அந்த இடம்தான்.

"கருத்து சொல்லலாம்," என்றார் குணாளன்.

முன்வரிசையில் ஒருவர் எழுந்தார். "ட்ரம்ஸ் கேக்கவே இல்ல. ராக்குனு சொல்லிட்டு ட்ரம்ஸ் இல்லன்னா எப்பிடி?"

லோசனி செருப்புக் காலால் முன் நாற்காலியை டொக் டொக்கென்று இடித்துக்கொண்டிருந்தாள். அந்தச் சத்தம் நின்றது. தமயந்தி குனிந்து பார்த்தாள். கால் இடித்துக்கொண்டுதான் இருந்தது.

"அட்டப் படத்துல அண்ணன் தாடிய எடுத்துட்டாரு," என்றார் இன்னொருவர். "பேங்க் மேனேஜர் மாதிரி இருக்காரு. பாத்தா யார்னே தெரியல."

முன்னால் இருந்த பெண் திரும்பினாள். ஒவ்வொரு கூட்டத்திலும் லோசனிக்குக் கடலை மிட்டாய் கொடுப்பவள். "தமயந்தி, பக்கத்துல யாரு, தெரிஞ்ச பொண்ணா?" என்று கேட்டாள்.

தமயந்தி எழுந்துவிட்டாள். "எனக்கு இது புடிக்கும்!" என்றாள்.

"காரணம்?"

"அந்த மழைச் சத்தம் போதாதா?"

"அது அண்ணன் போட்டது இல்லம்மா," என்றார் குணாளன் பொறுமையாக. "மழை போட்டது."

கூட்டம் அதை ஒப்புக்கொண்டு தலையாட்டியது. எல்லாத் தலையும் ஒரே பக்கம் ஆடின. தமயந்தி உட்கார்ந்து கையை மடியில் வைத்தாள். லோசனி அதை இறுக்கிப் பிடித்தாள். பிள்ளையின் கைகள் சூடாக, பிசுபிசுவென்று இருந்தன.

"'தகரக் கூரை'ய நீக்கலாம்ங்கறவங்க கை தூக்கலாம்."

கைகள் எழுந்தன. முன்வரிசை, அதற்கடுத்தது, அதற்கடுத்தது. பக்கவாட்டில் கோதண்டமும் தூக்கினார். வெளியே தெருவில் இஸ்திரி போட்டுக்கொண்டிருந்த ஒருவரின் கை பெட்டியோடு மேலே போனது ஜன்னல் வழியாகத் தெரிந்தது. பிறகு ஜன்னல் இல்லை.

தமயந்தியின் கை மடியில் இருந்தது.

தலைகள் ஒவ்வொன்றாக அவள் பக்கம் திரும்பின. யாரும் கோபப்படவில்லை. காத்திருந்தார்கள். ரயிலுக்குக் காத்திருப்பவர்கள் தண்டவாளத்தைப் பார்ப்பதுபோல் அவள் கையைப் பார்த்தார்கள். அவள் பல்லைக் கடித்துக்கொண்டாள். கை அசையவில்லை.

"ஒரு கை பாக்கி," என்றார் குணாளன்.

"பாக்கியாவே இருக்கட்டும்!" என்றாள் தமயந்தி. ஜெயித்துவிட்டோம் என்று அவளுக்குத் தோன்றியது. ஜெயித்தும்தான் இருந்தாள். லோசனி அவள் தோளில் முகத்தை வைத்துச் சிரித்தாள். சத்தம் இல்லாத சிரிப்பு, ஆனால் சிரிப்பு.

அப்போதுதான் மேடை ஓரத்தில் மின்னல் ஆரோக்கியம் தெரிந்தார். நடை நீண்டுபோயிருந்ததால் வந்து சேர இவ்வளவு நேரம் ஆகியிருந்தது. சொன்ன சொல்லைக் காப்பாற்ற மூச்சிரைக்க வந்திருந்தார். ஒரு மேஜை மேல் ஏறி நின்றார்.

"நிறுத்துங்கப்பா," என்றார்.

அவ்வளவு சின்ன உடம்பிலிருந்து வந்த குரல் முதல் வரிசையைக்கூட எட்டவில்லை. ஒருவரும் திரும்பவில்லை. அவர் தவித்தார். குரல் எட்டாதபோது எந்த மனுஷனும் செய்வதை அவரும் செய்தார். நிறுத்தச் சொல்லி வலது கையை உயர்த்தினார்.

இங்கே ஒன்று சொல்லியாக வேண்டும். மின்னல் ஆரோக்கியம் எந்தப் பாட்டையும் சும்மா தொடங்கியதில்லை. முதலில் வலது கையை உயர்த்துவார். மைதானம் முழுக்கக் கை உயரும். பிறகுதான் கிடார். ரயில்வே மைதானத்தில் பாடிய முதல் நாளிலிருந்து இப்படித்தான். உயர்த்தாத ரசிகன் ஒருவன்கூட இல்லை. கையில் கட்டுப் போட்டவன் கட்டோடு உயர்த்தினான்.

தமயந்தி மேடையில் அந்தக் கையைப் பார்த்தாள். அவள் கை எழுந்தது. ஏதோ சக்தி தூக்கியது என்று சொல்ல ஆசைதான். அவளேதான் தூக்கினாள். அரை நொடி சந்தோஷமாகக்கூட இருந்தது.

லோசனி பிடியை விடவில்லை. ஆனால் அவளும் அந்தப் பாட்டுகளைக் கேட்டு வளர்ந்த ரசிகைதானே. பிடித்த பிடியோடு அவளும் தூக்கினாள். மூன்று கைகள் சேர்ந்தாற்போல் மேலே போயின. மேலே போய்ச் சேர்ந்தது ஒரு கை.

"ஏகமனதாக," என்றார் குணாளன்.

கூடம் கைதட்டியது. மேஜை மேல் நின்ற ஆரோக்கியம் அழுதார். அண்ணன் நெகிழ்ந்துவிட்டார் என்று இன்னும் பலமாகத் தட்டினார்கள். அவர் தமயந்தியைப் பார்த்து ஏதோ சொல்ல வாயெடுத்தார். பிறகு நாகரிகம் கருதி மூடிக்கொண்டார்.

தமயந்தி தனியாகத்தான் வந்திருந்தாள். நாமும் அப்படித்தான் சொல்ல வேண்டும்.

அடுத்த ஆல்பம் 'கண்ணாடித் துகள்' என்று அறிவித்துவிட்டு, குணாளன் கொஞ்சம் இடைவேளை விட்டார். கேசரியும் பஜ்ஜியும் வந்தன. தமயந்தி நன்றாகச் சாப்பிட்டாள். பக்கத்து நாற்காலி காலியாக இருந்ததால் அதில் பையை வைத்தாள். ஞாயிற்றுக்கிழமையும் அதுவுமாக வீட்டில் ஒண்டியாகக் கிடப்பதற்கு இங்கே வருவது எவ்வளவோ மேல் என்று நினைத்தாள்.

கோதண்டம் தட்டோடு வந்தார். "இங்க யாராச்சும்..." என்று ஆரம்பித்து நிறுத்திக்கொண்டார்.

"யாருமில்ல. உக்காருங்கண்ணே." தமயந்தி பையை எடுத்துக்கொண்டாள்.

உட்கார்ந்தவர் சட்டென்று பாதி எழுந்தார். பிறகு மெல்ல உட்கார்ந்தார்.

"என்னண்ணே?"

"ஒண்ணுமில்லம்மா. சேர் சூடா இருக்கு."

தமயந்தி கையை நீட்டித் தொட்டுப் பார்த்தாள். சூடாகத்தான் இருந்தது.

"வெயில் பட்டிருக்கும்," என்றாள்.

கோதண்டம் ஜன்னல் இல்லாத சுவரைப் பார்த்தார். தட்டில் இருந்த பஜ்ஜியைப் பார்த்தார்.

"ஆமாம்மா," என்றார். "வெயில்தான்."