பின்னாலேயே வரும் சில்லறை

இன்சூரன்ஸ் சர்வேயர் ஓட்டல் மேசையில் வைக்கும் டிப்ஸ் காசு, அவர் தெருமுனை திரும்புவதற்குள் மேசையிலிருந்து குதித்து, வாசற்படி தாண்டி, அவர் பின்னாலேயே உருண்டு வந்து வீடு சேர்ந்துவிடும். இது முதன்முதலில் நடந்த வாரம் தக்காளி விலை ஏறியிருந்ததால் ஊரில் யாரும் அதைப் பெரிதாகப் பேசவில்லை. நாணயம் என்றால் உருளும். நோட்டு என்றால் எதிர்க்காற்றிலும் தரையோடு தரையாக ஊர்ந்து வரும். மழை நாளில் மட்டும் கொஞ்சம் தாமதமாகும். கதவிடுக்கில் நுழைந்து, மிதியடியில் இரண்டு முறை புரண்டு ஈரத்தைத் துடைத்துக்கொண்டுதான் உள்ளே வரும். அந்த மட்டில் அவருடைய காசுக்கு அவரைவிட நாகரிகம் தெரியும்.

மனிதருடைய தொழில் அப்படி. எரிந்த கடை, கவிழ்ந்த லாரி, நனைந்த சரக்கு எல்லாவற்றையும் சுற்றிப் பார்த்து, நஷ்டம் நீங்கள் அழுகிற அளவுக்கு இல்லை என்று கம்பெனிக்கு எழுதிக் கொடுப்பது. தீயில் போன அலமாரி எப்படியும் அடுத்த வருஷம் கரையான் அரித்துப் போயிருக்கும் என்று சொல்லித் தொகையைக் குறைத்தவர் அவர். அந்தப் புத்தியைச் சாப்பாட்டு மேசைக்கும் கூடவே கூட்டிப்போனார். உட்கார்ந்ததும் ஒரு நல்ல தொகையை மனதில் வைப்பார். தண்ணீர் வரத் தாமதமானால் அதில் கொஞ்சம் கழிப்பார். கரண்டியில் ஈரம் இருந்தால் கழிப்பு. சர்வர் சிரிக்காவிட்டால் கழிப்பு. சிரித்துவிட்டால், டிப்ஸுக்காகச் சிரிக்கிறான் என்று அதற்கும் ஒரு கழிப்பு. எல்லாம் போக மிஞ்சியதை வைத்துவிட்டு, பிள்ளையை முதல் நாள் பள்ளிக்கூடத்தில் விட்டவரைப் போல வாசலில் நின்று திரும்பித் திரும்பிப் பார்ப்பார். எந்தக் காசுக்குத்தான் மனசு கேட்கும்? கிளம்பி வந்துவிட்டது.

முதல் சில நாள் பயந்தார். அப்புறம் பழம் நழுவிப் பாலில் விழுந்த கதைதான். எப்படியும் வீட்டுக்கு வரப்போகிற பணம் என்று தெரிந்ததும், எச்சில் கையால் காக்கை ஓட்டாத மனிதர் திடீரென்று வள்ளலாகிவிட்டார். காபிக்குக் காபியின் விலையையே டிப்ஸாக வைத்தார். முடிவெட்டுகிறவரிடம் பெரிய நோட்டை நீட்டி, "வெச்சுக்கப்பா, பிள்ளைங்களுக்கு ஏதாவது வாங்கிக் கொடு" என்றார். அவரைக் கண்டால் சர்வர்கள் ஒருவரையொருவர் இடித்துக்கொண்டு ஓடிவந்தார்கள். கைக்கு எட்டியது வாய்க்கு எட்டவில்லை என்று அவர்களுக்குப் புரிய ஒரு மாதம் பிடித்தது. புரிந்ததும் சும்மா இருக்கவில்லை. ஒரு சர்வர் காசின் மேல் கனமான தம்ளரைக் கவிழ்த்தார். தம்ளரும் சேர்ந்து நடந்தது. முடிவெட்டுகிறவர் நோட்டை இழுப்பறையில் வைத்துப் பூட்டினார். இழுப்பறை சீப்பு, கத்தரி, பவுடர் டப்பா சகிதம் கழன்று தெருவில் இறங்கியது. பாதிக் கன்னம் மட்டும் சவரம் செய்துகொண்ட வாடிக்கையாளர் ஒருவர் அதைத் துரத்திக்கொண்டு ஓடியதைப் பலர் பார்த்திருக்கிறார்கள். கூட வந்த சாமான்களையும் அடுத்தவர் காசையும் சர்வேயர் அன்றன்றே திருப்பி அனுப்பிவிடுவார் என்பதையும் சொல்லியாக வேண்டும். கருமிதான், திருடன் இல்லை.

கடைசியில் மூத்த சர்வர் ஒருவர் அவரிடம் வந்து, "சார், தயவுசெஞ்சு உங்க காசை நீங்களே கையோட கூட்டிட்டுப் போயிடுங்க. அது படியில உருண்டு வந்து கஸ்டமருங்க வழுக்கி விழறாங்க" என்று கும்பிட்டார். சர்வேயர் சந்தோஷமாக ஒப்புக்கொண்டார்.

இதெல்லாம் அவர் மனைவிக்குப் பெரிய தலைக்குனிவு. கூட வந்து சாப்பிட்டுவிட்டு, புருஷனோடும் காசோடும் ஊர்வலமாக வீடு திரும்ப எந்தப் பெண்ணுக்குப் பிடிக்கும்? அந்த அம்மாள் வெளியே சாப்பிடப் போவதையே விட்டுவிட்டார். அப்படியிருக்கையில் ஒருநாள் குளியலறையில் வழுக்கி விழுந்து இடுப்பெலும்பு முறிந்து ஆஸ்பத்திரியில் படுத்தார். அங்கே அவரைப் புரட்டி, துடைத்து, மலச்சட்டி வைத்து எடுத்துக் கவனித்துக்கொண்டது வார்டு ஆயா. பெரிய உடம்பு, பெரிய குரல், வலிக்காமல் தூக்குகிற கை. சர்வேயர் தினமும் சாயங்காலம் ஆயா கையில் ஒரு நோட்டைத் திணித்தார். நோட்டு அவருக்கு முன்னால் வீட்டுக்குப் போய் மிதியடியில் காத்திருந்தது. ஆயா கோபப்படவில்லை. "வந்த விருந்தாளி கிளம்பிடுச்சும்மா" என்று சிரித்துவிட்டு அடுத்த கட்டிலுக்குப் போனார்.

சிரிக்காதது மனைவிதான். இரண்டு நாளில் வீட்டுக்குப் போகலாம் என்று டாக்டர் சொன்ன அன்று அவர் புருஷனைக் கூப்பிட்டு உட்காரவைத்தார்.

"இந்தப் பொண்ணு கையில உங்க காசு நிக்கணும். நின்னா உங்க கூட வர்றேன். இல்லேன்னா இங்கேருந்து நேரா என் தம்பி வீட்டுக்குப் போயிடுவேன். அங்க எனக்கு ரூம் ஒழிச்சு வெச்சாச்சு."

சொன்னால் செய்கிற பெண்பிள்ளை. அவள் இல்லாத வீட்டில் சர்வேயர் ஏற்கனவே கஞ்சியைத் தீய்த்துக்கொண்டு, துவைக்காத சட்டையைத் திருப்பிப் போட்டுக்கொண்டு, பேச ஆளில்லாமல் காசுகளோடு உட்கார்ந்திருந்தவர்தான். அவளை அவருக்கு ரொம்பப் பிடிக்கும். வாய்விட்டுச் சொன்னதில்லை, அவ்வளவுதான். நோட்டை உறையில் போட்டு ஒட்டிக் கொடுத்தார். உறையோடு வந்தது. திரும்பிப் பார்க்காமல் இருக்க வார்டிலிருந்து பின்பக்கமாகவே நடந்து வெளியேறினார். மருந்து வண்டியில் மோதி விழுந்ததுதான் மிச்சம். நோட்டு அவரைத் தாண்டிக்கொண்டு போயிற்று.

மறுநாள் ஆயாவுக்கு லீவு. மாற்று ஆளும் வரவில்லை. சர்வேயர் சட்டைக்கையை மடித்துக்கொண்டு தானே இறங்கினார். மனைவியைப் புரட்டினார், துடைத்தார், சட்டியை வைத்தார், எடுத்தார், கழுவினார், விரிப்பை மாற்றினார். மாற்றிய விரிப்பில் கஞ்சியைக் கொட்டிவிட்டு மறுபடியும் மாற்றினார். சாயங்காலத்துக்குள் முதுகு இரண்டாகப் பிளந்துவிடும்போல் இருந்தது. மனைவி தலையணைக்கு அடியில் துழாவி, கிடைத்ததிலேயே சின்னக் காசை அவர் உள்ளங்கையில் வைத்தார்.

"என்னது இது?"

"டிப்ஸ். நல்ல தொகையாத்தான் நெனச்சேன். தண்ணி சூடு பத்தல, அதுக்குக் கொஞ்சம் கழிச்சேன். கஞ்சிக்குக் கொஞ்சம். சட்டியை எடுக்கும்போது மூஞ்சியைச் சுளிச்சீங்க பாருங்க, மிச்சமெல்லாம் அதுல போச்சு."

"நாள் முழுக்க மாடா உழைச்சிருக்கேன்டி! இவ்வளவுதானா?"

"வேணாம்னா வெச்சுட்டுப் போங்க."

அவர் வைக்கவில்லை. அவமானத்தில் காது சிவந்துவிட்டது. ஆனாலும் கையை இறுக்க மூடிக்கொண்டார். காசு உள்ளங்கையில் சூடாக, பேசாமல் கிடந்தது. வீடு வரைக்கும் அதைப் பிடித்துக்கொண்டே நடந்தார். வழியில் யாரைப் பார்த்தாலும் அழுகை வரும்போல் இருந்தது.

காலையில் ஆயா வந்ததும் வராததுமாக, பர்ஸில் கைவிட்டு வந்ததை எடுத்துக் கொடுத்தார். எவ்வளவு என்று பார்க்கவில்லை. ஆயா அதை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்துவிட்டு, "இத்தனை நாளு வந்து வந்து போச்சே சார், அதுக்கும் சேத்துப் பாத்துப் போடுங்க" என்றார். பர்ஸ் மறுபடி திறந்தது. மனைவி நம்பவில்லை. "தெருமுனை வரைக்கும் போயிட்டு வாங்க" என்றார். சர்வேயர் போனார். சாலையோரம் ஒரு மிட்டாய்க் காகிதம் புரண்டு வந்தபோது அவருக்கு உயிரே போய்விட்டது. அது மிட்டாய்க் காகிதமேதான். திரும்பி வந்தபோது ஆயா இன்னொரு கட்டிலில் விரிப்பு மாற்றிக்கொண்டிருந்தார். நோட்டுகள் அவர் இடுப்பில் ஒருமுறை லேசாக நெளிந்துவிட்டு அடங்கிவிட்டன.

"வண்டியைக் கூப்பிடுங்க" என்றார் மனைவி.

வந்த டாக்ஸிக்காரர் வழியில் இருந்த பள்ளத்தில் ஒன்றைக்கூட விடவில்லை. இடுப்புக்காரி ஏறியிருக்கிறாள் என்று சொல்லியும் கேட்கவில்லை. ஒரு கையில் போன், ஒரு கையில் ஸ்டீயரிங். புதிதாய்க் கொடுக்கக் கற்றவராயிற்றே, இறங்கியதும் சர்வேயர் அவருக்கும் தாராளமாகவே கொடுத்தார். மனைவியைத் தாங்கிப் பிடித்து வாசற்படி ஏற்றும்போது பின்னால் உருளுகிற சத்தம் கேட்டது. சர்வேயருக்கு முகம் வெளுத்துவிட்டது. ஒரு கையால் மனைவியைப் பிடித்துக்கொண்டு, மறு கையால் கோழியை விரட்டுவதுபோல் காசைப் பார்த்து, "போ, போ!" என்று விரட்டினார்.

"அவன் ஓட்டுன ஓட்டுக்கு, வரட்டும் விடுங்க" என்றார் மனைவி. வலிக்கிற காலை மெல்ல நகர்த்தி, அது உள்ளே போக வழிவிட்டார்.