அசும்ப்தாவின் வயிறு

இடுப்புத் துணி மறுபடியும் வழுக்கிக்கொண்டு மேலே ஏறியது. இமெல்டா முடிச்சை அவிழ்த்து, இன்னும் கீழே இறக்கிக் கட்டினாள். அதுவும் நிற்கவில்லை.

கோமெசி உடுப்பின் சூட்சுமமே அந்தத் துணிதான். உடம்பைச் சுற்றி வரும் அத்தனை அகலமான அங்கியையும் இடுப்பெலும்புக்குக் கீழே விழும் ஒரே முடிச்சு தாங்கிக்கொள்ளும். ஆனால் அது உட்கார ஒரு சமதளம் வேண்டும். தங்கை அசும்ப்தாவின் வயிறு கவிழ்த்த பானைபோல் நின்றது.

செத்த பிறகும் இவளுக்குத்தான் வயிறு, என்று நினைத்தாள் இமெல்டா.

"என்னடி பாத்துக்கிட்டே நிக்கிற?" என்றாள் அத்தை. "பாதி மசாக்கா ஊரே வெளியில உக்காந்திருக்கு. இந்த வயித்தைப் பாத்தா சும்மா விடுவாளுங்களா? உங்கப்பன் குடல்ல கோளாறுன்னு சொல்லி வச்சிருக்கான்."

"பொய் இல்லையே அத்தை. குடலும்தானே கிழிஞ்சுது."

டாக்டர் முஷ்டியை மடக்கிக் காட்டி அவளுக்கு விளக்கியிருந்தார். கர்ப்ப காலத்தில் கருப்பையின் சுவர் பழுத்த பப்பாளிபோல் இளகியிருக்கும். சந்துக்குள் கருக்கலைத்துவிடுகிற பெண்ணின் கம்பி, கருவை விட்டுவிட்டு அந்தச் சுவரைத் துளைத்து, பின்னாலிருந்த குடலையும் குத்திவிட்டது. குடலிலிருந்தது வயிற்றுக்குள் கசியத் தொடங்கியது. அசும்ப்தாவோ காய்ச்சல் மாத்திரையை விழுங்கிக்கொண்டு கல்லூரிக்குப் போய்வந்தாள். வயிறு பலகையாக இறுகிய பிறகுதான் வாய் திறந்தாள். குடலைத் தைத்தார்கள். கருப்பையை எடுத்தார்கள். அதற்குள் நஞ்சு இரத்தத்தில் ஏறிவிட்டிருந்தது; உப்பிய வயிறு கடைசிவரை வற்றவே இல்லை.

கருப்பையை எடுத்துவிட்டோம் என்று டாக்டர் சொன்னபோது இமெல்டாவின் நெஞ்சில் ஏதோ இலேசானது. இனி இரண்டு பேரும் ஒன்று.

'குலை தள்ளாத வாழைக்கு எதுக்கு முட்டு?' என்று காதுபடவே கேட்கிற மாமியார் இமெல்டாவுக்கு. தங்கைக்கு மட்டும் குழந்தை கேட்காமலே கிடைத்தது. கிடைத்ததைத் தூக்கி எறியவும் முடிந்தது.

ஆஸ்பத்திரியில் அதைக் கேட்டும் விட்டாள். "எங்கிட்ட சொல்லியிருந்தா நான் வளத்திருப்பேனே?"

"அதனாலதான்க்கா சொல்லல," என்றாள் அசும்ப்தா. "உன் இடுப்புல அதைப் பாத்துக்கிட்டே எப்படி இருப்பேன்? பொறாமையிலயே செத்திருப்பேன்."

 அதுவே அவள் இமெல்டாவிடம் கடைசியாகப் பேசியது.

கதவு தட்டப்பட்டது. "உள்ள என்ன, கல்யாணப் பொண்ணையா ஜோடிக்கிறீங்க? ஃபாதர் வந்தாச்சு!"

"ரெண்டு பேரும் ஆளுக்கொரு பக்கமா இழுத்துக் கட்டுவோம், வா," என்றாள் அத்தை.

"இழுத்தா இன்னும்தான் எடுத்துக் காட்டும். மேட்டை அமுக்க முடியாது அத்தை. சுத்தி இருக்கிற பள்ளத்தைத்தான் தூக்கணும்."

"எதை வச்சுத் தூக்குவ? பொணத்தைச் சுத்துற மரவுரியெல்லாம் ஆம்பளைங்க கிட்ட இருக்கு. போய்க் கேட்டா எதுக்குன்னு கேப்பானுங்க."

இமெல்டா தாழ்ப்பாளைப் போட்டாள். தன் இடுப்புத் துணியை அவிழ்த்தாள். இடுப்பு எடுப்பாகத் தெரிய கோமெசிக்கு உள்ளே எல்லோரும் ஒரு கிகோயித் துணியைச் சுற்றிக்கொள்வார்கள். இமெல்டா மூன்று சுற்றியிருந்தாள். மூன்றாவது, மடித்து மடித்து, அடிவயிற்றின்மேல் இருந்தது.

அத்தை அதையே பார்த்தாள். "நான்கூட உனக்கு இப்பதான் வயித்துல தங்கியிருக்குன்னு…"

"அப்படி நினைக்கட்டும்னுதான் அத்தை."

ஒரு துணியை அசும்ப்தாவின் மார்புக்குக் கீழே வைத்தாள். ஒன்றைத் தொடைகளின் மேல் பரப்பினாள். மூன்றாவதை இரண்டாகக் கிழித்து வயிற்றின் இரண்டு பக்கமும் செருகினாள். அங்கியை மேலே இழுத்து மூடியபோது மேடு எங்கே தொடங்குகிறது என்று தெரியவில்லை. சற்றுப் பருத்த ஒரு பெண் படுத்திருந்தாள், அவ்வளவுதான். முடிச்சு தொடைத் துணியின்மேல் உட்கார்ந்தது, வழுக்கவில்லை.

தொளதொளத்துத் தரையில் புரண்ட தன் கோமெசியை ஒரு கையால் தூக்கிப் பிடித்துக்கொண்டு, இமெல்டா போய்க் கதவைத் திறந்தாள்.