பாதி வாக்கியத்தில் விழுந்த சுவிட்ச்

1

மின்சாரக் கோளாறு ஒன்றை ஒரே ஒரு வாக்கியம் எழுதிச் சரிசெய்தவன், சூரியன் உதிக்கத் தொடங்கிய நாள் முதலாக, நான் ஒருவன்தான். ஸ்க்ரூ டிரைவரைத் தொடவே இல்லை. (தொட்டேன். அது பிறகு.) நம்பாதவர்கள் வரிசையில் நிற்கலாம். முதல் ஆளாக என் மச்சினன் ஏற்கெனவே நிற்கிறான்.

இந்தக் கதை களைப்பில் பிறந்தது. வேலையில் இருந்த காலமெல்லாம் நான் சாக்கடைத் திட்டங்களுக்கு வரைபடம் வரைந்தவன். ஒரு நகரமே என் பென்சில் காட்டிய திசையில்தான் கழிவை அனுப்பியது. ராஜாக்களுக்குக்கூட அந்த அதிகாரம் கிடையாது. ஓய்வு பெற்றதும், வண்டிக்குப் பின்னால் பூட்டி இழுக்கிற, உள்ளேயே படுத்துத் தூங்க வசதியுள்ள ஒரு பழைய டிரெய்லரை வாங்கி, கூரையில் சோலார் தகடுகளைப் பதித்து, ஒயரிங் திட்டம் போட உட்கார்ந்தேன். இடுப்பு அப்போது பிடித்துக்கொண்டது, இன்னும் விடவில்லை.

எல்லாம் என் மனைவிக்காக. தூக்கத்தில் அவளுக்கு மூச்சு நின்று நின்று வரும். இரவெல்லாம் முகமூடி மாட்டி, ஒரு சின்ன இயந்திரம் காற்றை ஊதிக்கொண்டே இருக்க வேண்டும். அவளுடைய அக்கா தூரத்தில், கடலோர ஊரில், படுத்த படுக்கையாக இருக்கிறாள். பார்க்கப் போனால் வழியில் இரவு தங்கவேண்டும். தங்குகிற இடத்தில் கரண்ட் போகாது என்று யாரும் எழுதிக் கொடுப்பதில்லை. அதனால்தான் டிரெய்லர்.

2

கதையை முதலில் இப்படித் தொடங்கினேன்: "பொன்னிறக் கதிர்கள் தகடுகளை முத்தமிட்ட அந்த வேளையில்—"

அடித்துவிட்டேன். இந்த வயதில் முத்தம் வேறா.

இரண்டாவது தொடக்கம்: "கிளிக்."

இதுதான் உண்மை. கரண்ட் எங்காவது கசிந்தால் தானாக விழுந்து உயிரைக் காக்கிற சுவிட்ச் ஒன்றை உள்ளே வைத்திருந்தேன். விளக்கைப் போட்டால் கிளிக். விசிறியைப் போட்டால் கிளிக். டிரெய்லரைக் கொல்லையில் நிறுத்தி, மனைவியைப் படுக்கவைத்து இயந்திரத்தை ஓட்டினால், முதல் காற்று முகத்தில் படுவதற்குள் கிளிக். அந்தச் சத்தத்தில் பக்கத்து ஊரில் பறவைகள் எழுந்து பறந்தன.

மனைவியின் தம்பிதான் என் மச்சினன். ஓய்வு பெற்ற லிஃப்ட் மெக்கானிக். டெஸ்டரும் கையுமாக வந்து ஒவ்வொரு ஸ்க்ரூவாக முறுக்கிப் பார்த்தான். எல்லாம் இறுக்கம். சுவிட்ச்தான் மட்டம் என்று தீர்ப்புச் சொன்னான். புதிது வாங்கி மாட்டினோம். அதுவும் கிளிக்.

(இந்தப் பாத்திரத்தின் மேல் எனக்குச் சந்தேகம் உண்டு. சுவிட்சைப் பிடுங்கி எறிந்துவிட்டு நேராக இணைத்துவிடலாம் என்று அவன் சொன்னதாக எழுதினால் கதை சூடு பிடிக்கும். ஆனால் அப்படிச் சொன்னது நான். அதற்கு அவன் பார்த்த பார்வையை எழுத எனக்குத் தமிழ் போதாது.)

மனைவி முகமூடியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டாள்.

"விட்டுடுங்க. அக்காவ போன்லயே பாத்துக்கறேன். அவளுக்கும் பழகிடுச்சு."

கோபமாகச் சொல்லியிருந்தால் சமாளித்திருப்பேன்.

3

செய்வதற்கு வேறு எதுவும் தோன்றாமல் இந்தக் கதையோடு மறுபடி உட்கார்ந்தேன். வாசகரே, உங்களுக்கு ஒயரிங் தெரியாது என்று வைத்துக்கொண்டு விளக்க ஆரம்பித்தேன்:

"சூரியன் பேட்டரியை நிரப்புகிறது. பேட்டரி இன்வர்ட்டருக்குக் கொடுக்கிறது. இன்வர்ட்டரிலிருந்து கரண்ட் காவல் சுவிட்ச் வழியாகப் போய், இயந்திரத்தை ஓட்டிவிட்டு, நியூட்ரல் ஒயரில் அதே சுவிட்ச் வழியாகத் திரும்புகிறது. போனது அத்தனையும் வந்ததா என்று சுவிட்ச் பார்க்கிறது. குறைந்தால் விழுகிறது. ஆகவே கரண்ட் முழுவதும் நியூட்ரலில் திரும்புகிறது, அல்லது டிரெய்லரின் இரும்புச் சட்டம் வழியாகவும்—"

அல்லதா?

அந்த வாக்கியத்தை எப்படித் திருப்பினாலும் முடிக்க முடியவில்லை. இன்றுவரை அப்படியே கிடக்கிறது, பாருங்கள்.

நியூட்ரலையும், இரும்புச் சட்டத்தோடு சேர்ந்த எர்த்தையும் ஒரே ஓரிடத்தில் மட்டும் இணைக்கவேண்டும். இன்வர்ட்டரிடம் இணைத்திருந்தேன். அதோடு நிறுத்தினேனா? சுவிட்சைத் தாண்டி, டிரெய்லரின் பின்கோடியில் இன்னோர் இணைப்பும் கொடுத்திருந்தேன். ஒன்று அடைத்துக்கொண்டால் மற்றது இருக்கட்டுமே என்று. சாக்கடைக்காரன் புத்தி. கரண்டில் ஒரு பங்கு சுவிட்சின் கண்ணில் படாமல் இரும்புச் சட்டத்தில் உலாப் போய்க் கொல்லைப்புறமாக வீடு திரும்பியிருக்கிறது. போனதற்கு வந்தது குறைய, சுவிட்ச் தன் கடமையைச் செய்திருக்கிறது. வரைபடத்தில் இரண்டு பக்கமும் ஒரே மாதிரி அழகாக இருந்ததால் நாங்கள் இருவருமே அதைச் சந்தேகப்படவில்லை.

பின்கோடியில் எர்த் ஒயரை இருந்தபடியே விட்டு, நியூட்ரலை மட்டும் கழற்றினேன். (ஸ்க்ரூ டிரைவர் இங்கேதான் வருகிறது.)

4

கதை எழுதிக் கண்டுபிடித்தேன் என்றதும் மச்சினன் மூக்கைச் சொறிந்தான்.

"கதை எழுதினா கை வலிக்கும் அத்தான். ஃபால்ட்டு போகாது."

கழற்றியதை மறுபடி மாட்டினான். கிளிக். கழற்றினான். சுவிட்ச் விழாமல் நின்றது. தற்செயல் என்றான். அன்றிரவு என் மனைவி முகமூடியோடு டிரெய்லருக்குள் படுக்க, அங்கேயே சமையல் மேடை ஓரம் ஸ்டூலைப் போட்டு, குற்றவாளியைக் காவல் காப்பவன்போல் சுவிட்சுக்கு எதிரே உட்கார்ந்துகொண்டான். கடலோர ஊரில் படுக்கையாகக் கிடப்பவள் அவனுக்கும் பெரியக்காதான். ஆனாலும் என் கதை தோற்கவேண்டும் என்று பாதி மனது இருந்திருக்கும்.

5

முடிவு ஒன்று: போய்ச் சேர்ந்தோம். சகோதரிகள் கட்டிக்கொள்ள, கடல் எழுந்து நின்று கை தட்டியது. மிகை என்று எனக்கே தோன்றுகிறது. எனக்கே.

முடிவு இரண்டு: தாமதமாகப் போய்ச் சேர்ந்தோம். இதை எழுத மாட்டேன். அலுப்பாக இருக்கிறது.

ஆகவே வண்டியில் டிரெய்லரைப் பூட்டுவதுவரை என் பொறுப்பு. அதற்குப் பிறகு நீங்கள் ஓட்டுங்கள். பள்ளங்களில் மெதுவாக, பின்னால் ஒயர்கள் என் கையால் போட்டவை.

அந்த இரவு விடிந்து டிரெய்லரைப் பூட்டிய காலையை மட்டும் சொல்லிவிடுகிறேன். மனைவி முகமூடியின் தடம் கன்னத்தில் பதிய இறங்கி வந்து, அக்காவுக்கு எந்தப் புடவை எடுத்துப்போவது என்று கேட்டாள். அவளுக்குப் பின்னால் மச்சினன், கண் சிவக்க. இந்தக் காகிதங்களை அவனிடம் கொடுத்தேன். முதல் வரியைப் படித்ததும் பேனா கேட்டான். அடிக்கத்தான் கேட்கிறான் என்று நினைத்தேன். வெகுநேரம் அந்த வரியின் மேலேயே பேனாவை வைத்துக்கொண்டிருந்துவிட்டு, மூடித் திருப்பிக் கொடுத்தான்.

"ஸ்க்ரூ டிரைவர் என்னோடதுன்னு போடுங்க அத்தான்," என்றான். "மத்தது நடந்ததுதான்."