மீசை தெரியுதா தாயி?

மதுரைக் கண் மருத்துவமனையில் சொன்னது நாகஜோதிக்கு மனப்பாடம். மகள் சிநேகாவின் இடது கண் மாறுகண் மட்டுமல்ல, சோம்பேறிக் கண்ணும்கூட. நல்ல கண்ணைத் தினமும் சில மணி நேரம் மூடி வைத்தால்தான் மற்றது பார்க்கப் பழகும். எட்டு வயதைத் தாண்டவிட்டால் பழக்குவது பெரும்பாடு. சிநேகாவுக்கு ஏழு நடந்துகொண்டிருந்தது.

அந்த நேரம் பார்த்துத்தான் கொரோனா வந்து தொலைந்தது. திருப்புல்லாணிப் பக்கம் பஸ் நின்றது. போன் போட்டால், "அவசரம்னா மட்டும் வாங்கம்மா" என்றார்கள். அவர்களைச் சொல்லிக் குற்றமில்லை. ஆனால் பிள்ளைக்கு வயது ஏறுவதை எந்த ஊரடங்கு நிறுத்தியது?

கண்ணை மூட மருத்துவமனையில் கொடுத்த ஒட்டும் பட்டைகள் தீர்ந்தன. நாகஜோதி அசரவில்லை. பழைய குடையின் கறுப்புத் துணியை வெட்டி, நாடா வைத்துத் தைத்தாள். ஊரே வாயை மூடிக்கொண்டு திரிந்தபோது அவள் மகள் ஒற்றைக் கண்ணை மூடிக்கொண்டு திரிந்தாள். காலையில் வலது கண்ணில் கட்டிவிட்டு நாகஜோதி மிளகாய் பறிக்கப் போவாள். பார்த்துக்கொள்ளக் கணவன் முத்துகிருஷ்ணன் இருந்தான். அவனுக்கோ மாறுகண் அதிர்ஷ்டம் என்று ஒரு நினைப்பு.

ஒருநாள் சீக்கிரமே திரும்பியவள் வாசலிலேயே நின்றுவிட்டாள். சிநேகா தடுமாறாமல் ஓடி விளையாடிக்கொண்டிருந்தாள். துணி இடது கண்ணில் இருந்தது.

"யாரு மாத்துனது?"

"நாந்தேன்," என்றான் முத்துகிருஷ்ணன். "நல்ல கண்ண மூடுனா புள்ள தட்டித் தட்டி விழுகுது. கோணக் கண்ணத்தானே மூடணும்? தெனமும் நீ போனதும் மாத்திருவேன்."

தினமுமா! இத்தனை நாள் பட்ட பாடு அத்தனையும் பாழ். வாய்வரை வந்த வசவை விழுங்கிக்கொண்டாள். காரம் போகச் சோப்புப் போட்டுக் கையைக் கழுவினாள். துணியை அவிழ்த்து வலது கண்ணில் கட்டி, மகளை அவன் எதிரே உட்கார வைத்தாள்.

"மீசை தெரியுதான்னு கேளுங்க."

அவன் சிரித்துக்கொண்டே முகத்தை நீட்டினான். "அய்யா மீசை தெரியுதா தாயி?"

சிநேகா தலையைச் சாய்த்துச் சாய்த்துப் பார்த்தாள். "மூஞ்சியே தெரியலையே அய்யா."

அவன் சிரிப்பு செத்துப்போனது. அதற்குப் பிறகு அதிர்ஷ்டம் என்ற பேச்சே அவன் வாயில் வரவில்லை. மறுநாளிலிருந்து துணியை அவனே கட்டினான். கூடவே உட்கார்ந்து படம் வரைய வைத்தான், அரிசியில் கல் பொறுக்க வைத்தான். அவள் அழுதால் அவனும் அழுதான். துணியை மட்டும் அவிழ்க்கவில்லை.

பஸ் மறுபடி ஓடத் தொடங்கியதும் மதுரையில் கண்ணைக் காட்டத் தேதி கொடுத்தார்கள். கிளம்பும் முன் முத்துகிருஷ்ணன் வலது கண்ணைக் கட்டிவிட்டுத் தயங்கித் தயங்கிக் கேட்டான்.

"மீசை தெரியுதா தாயி?"

"தெரியுது. ஒரு பக்கம் நரைச்சிருக்கு."

அவன் மீசையைப் பொத்திக்கொண்டு திரும்பி நின்றான். தோள் குலுங்கியது. நாகஜோதிக்கும் கண் நிறைந்துவிட்டது. ஆனால் மகளின் கண் இன்னும் நேராகவில்லையே. பையைத் தோளில் மாட்டினாள்.

"அழுகுறத பஸ்ஸுல வச்சுக்கிருவோம். நடங்க."