மாலை போடாத வருடம்

என் கணவர் தரணீதரன் காணாமல் போய் மூன்று மாதமாகிறது. ராயபுரத்தில் பனியன் தைக்கும் சின்ன யூனிட் எங்களுடையது. ஐப்பசியில் ஒரு காலை, பொங்கலூர் தோட்டத்துக்குப் போய் வருகிறேன் என்று கிளம்பினார். சாயங்காலம் பல்லடம் சாலையோரம் அவருடைய பைக் மட்டும் நின்றது. அன்றிலிருந்து அவர் வீட்டாரிடம் என் தலைதான் உருளுகிறது.

தை பிறந்ததும் எஸ்.ஐ. மாதவன், பொங்கலூரில் என் கணவரின் அண்ணன் கதிர்வேல் வீட்டுக்கு எங்களை வரச் சொன்னார். யார் மேல் சந்தேகம் என்று அவர் கேட்டு வாய் மூடவில்லை, என் மாமியார் சாமியாத்தாள் என் பக்கம் கையை நீட்டினாள்.

"இவ மேலதானுங்க. விடிஞ்சா எம்பையன்கூடச் சண்டை. ஊட்டுல நிம்மதி இருந்தா அவன் எதுக்குங்க போறான்?"

"சண்டை போட்டேனுங்க அத்தை. இல்லைன்னு சொல்லலீங்க," என்றேன். வேறென்ன சொல்ல? அன்று காலைகூடப் போட்டேன்.

அடுத்து சாயப்பட்டறைக்காரர். கழிவுநீர் எங்கள் கிணற்றில் இறங்குகிறது என்று அவர் மேல் என் கணவர் மனுக் கொடுத்திருந்தார். ஆனால் அந்த வாரம் முழுக்க அவர் கோவையில் ஆபரேஷன் முடிந்து படுக்கையில் கிடந்தாராம், எஸ்.ஐ. விசாரித்துவிட்டார். பிறகு, என் கணவர் வேலையை விட்டு நிறுத்திய கான்ட்ராக்டர். அவன் அன்று பகல் முழுக்க வேறொரு கம்பெனியில் நின்றதற்குக் கேமராவே சாட்சி.

"இன்னொருத்தரையும் எழுதுங்க சார். தோட்டத்தை மில்லுக்கு விக்கணும்னு நின்னது இந்த மாமாதானுங்க. கையெழுத்துப் போட மாட்டேன்னது எங்கூட்டுக்காரர்," என்று கதிர்வேலைக் காட்டினேன்.

கதிர்வேல் கோபப்படவே இல்லை. "வேதனையில பேசறே கண்ணு. சார், அவன் உசுரோடதான் இருக்கறானுங்க. எவகூடவோ போயிருப்பான். ஒரு நாளைக்கு வந்து நிப்பான், பாருங்க."

அந்தக் கண்ணு என்ற சொல்லுக்கே அவர் வாயைக் கிழிக்கலாம் போலிருந்தது. மாமியார் தலையாட்டினாள். எஸ்.ஐ.யும் பேனாவை மூடினார். ஓடிப்போனவர் என்று எழுதிவிட்டால் அதற்கப்புறம் அவரை யார் தேடப் போகிறார்கள்?

அந்த நேரம் பழனி பாதயாத்திரைக் குழுவின் வெள்ளியங்கிரி மாலைப் பையோடு உள்ளே வந்தார். கதிர்வேல் பத்தொன்பது வருடமாகத் தைப்பூசத்துக்கு நடந்தே போகிறவர்.

"இந்த வருசம் இல்லீங்க. முட்டி வலி," என்றார் கதிர்வேல்.

"அதுக்கென்னுங்க, பஸ்ஸுல வாங்க. மேல போக விஞ்ச் இருக்குதே." வெள்ளியங்கிரி சிரித்துக்கொண்டே மாலையை அவர் கழுத்துக்குக் கொண்டு போனார்.

கதிர்வேல் துள்ளிப் பின்னால் போனார். முட்டி வலிக்காரர் மாதிரியே இல்லை. "தொடாதீங்க! சாமி குத்தமாயிரும்!"

"கார்த்திகைலயும் இப்படித்தான். சிவன்மலை மேல வரைக்கும் கார்ல வந்தீங்க, கோயிலுக்குள்ள வரலீங்க," என்று வெள்ளியங்கிரி மனத்தாங்கலாகச் சொன்னார்.

எங்கள் பக்கத்தில் அண்ணன் தம்பி, பங்காளி யார் இறந்தாலும் ஒரு வருடம் மலைக்கோயிலுக்குள் கால் வைக்க மாட்டோம், மாலை போட மாட்டோம். எங்கள் பங்காளிகளில் கடைசியாகச் சாவு விழுந்து ஆறு வருடமாகிறது.

"மாமா, யாருக்குங்க துக்கம் காக்கறீங்க?" என்றேன்.

அவர் மாலையைப் பார்த்தபடியே இன்னும் ஓரடி பின்னால் போனார். தம்பியைக் கொல்லத் துணிந்த மனுசனுக்கு, தீட்டோடு முருகன் முன்னால் நிற்கத் துணிச்சல் இல்லை. தூ!

மாமியாருக்கும் விளங்கிவிட்டது. எழுந்து போய்ப் பெரிய மகனின் சட்டையைப் பிடித்தாள். "எங்கடா போட்டே எம்பையனை? சொல்லுடா!" அவர் சுவரோடு சாய்ந்து உட்கார்ந்தார். எஸ்.ஐ. வாசலை மறித்து நின்று போனில் ஆட்களை வரச் சொன்னார்.

கதிர்வேல் மேல் நான் சொன்னதே உண்மையாயிற்று. ஆனாலும் மூன்று மாதமாக, எவளோடு போய்த் தொலைந்தாரோ என்று திட்டிக்கொண்டே அவருக்கும் சேர்த்துச் சோறாக்கி வைத்திருந்தேன். இனி யாருக்கு வைப்பேன்? மாமியார் என் பக்கம் திரும்பினாள். இரண்டு பேரும் ஒரே நேரத்தில் ஒப்பாரி வைத்தோம்.