கண்ணிலிருந்து உதிர்ந்த வெளிச்சம்

தையற்கடைக்காரரின் மருமகளுக்கு ஏழாம் மாதம் முடியும் சமயத்தில் கண்ணிலிருந்து வெளிச்சம் உதிரத் தொடங்கியது. கடுகளவுப் பொறிகள், சுடவில்லை, துணியைப் பொசுக்கவுமில்லை. கடைக்குப் பின்னாலிருந்த ஜன்னலில்லாத அறையில் கூரையோரம் மிதந்தன. பள்ளிச் சீருடைகள் மலைபோல் குவிந்திருந்த பருவம் அது. கரண்ட் போனாலும் இனி ஊசியில் நூல் கோக்கலாம் என்று மாமியாருக்கு ஒரே சந்தோஷம்.

நான்கு பிள்ளை பெற்றவள் என்பதால் மாமியாரிடம் எதற்கும் பதில் தயாராக இருந்தது. வாந்தியா, இடுப்பு வலியா, வயிற்றின் நடுவே கறுப்புக் கோடா, படியேறினால் மூச்சு வாங்குகிறதா, "எனக்கும் இப்படித்தான் இருந்துச்சு" என்பாள். உள்ளதைச் சொன்னால், அவை எல்லாவற்றிலும் அவள் சொன்னது சரிதான். சாயங்காலம் வீங்கிய கால் காலையில் வடிந்தது. அதனாலேயே, முகமும் விரல்களும் திடீரென்று உப்பியபோதும் அவள் அதையே சொன்னாள். சட்டைக் கை இறுகியது. தையற்காரக் குடும்பம் அல்லவா, பக்கத் தையலைப் பிரித்துத் தளர்த்திக் கொடுத்தார்கள். அடுத்த வாரமும் பிரித்தார்கள். பிரிக்கத் துணி மிச்சமில்லாமல் போனதும் ஒட்டு வைத்துத் தைத்தார்கள். தலை பிளக்கிறது என்று மருமகள் சொன்ன அன்று அறை பட்டப்பகலாக இருந்தது. மாமியார் அந்த வெளிச்சத்தில் உட்கார்ந்து சட்டைப் பொத்தான்களுக்குக் காஜா எடுத்தாள்.

சீருடைக்கு அளவு கொடுக்க வந்த நர்ஸ் கூரையை நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. மருமகளின் முகத்தைத்தான் பார்த்தாள்.

"விலாவுக்குக் கீழ வலிக்குதா?"

மருமகள் தலையாட்டினாள்.

"கடுமையான தலைவலி, கண்ணுல பொறி, முகத்துல வீக்கம். இதுல ஒண்ணு வந்தாலே அன்னைக்கே கிளம்பி வரணும்மா. பிரஷர் ஏறினா தாய்க்கும் ஆபத்து, பிள்ளைக்கும் ஆபத்து. எத்தனை நாளா இப்படி?"

மாமியார் கையிலிருந்த சட்டையைக் கீழே வைத்தாள்.

ஆஸ்பத்திரியில் உடனே ஆபரேஷன் செய்தார்கள். தாய் பிழைத்தாள். பிறந்தது பெண்; அழவேயில்லை. மாமியார் அந்தப் பிஞ்சுக் காலைப் பிடித்துக்கொண்டு உடைந்து அழுதாள். அதில் பாசாங்கு எதுவுமில்லை.

மருமகள் வீடு திரும்பியபோது பொறிகள் அப்படியே இருந்தன. துடைப்பத்தால் தட்டிப் பார்த்தார்கள், கதவைத் திறந்து வைத்தார்கள், போகவில்லை. ஒருநாள் மாமியார் கட்டிலோரம் வந்து உட்கார்ந்தாள்.

"உனக்கு எப்படிம்மா இருக்கு?"

அத்தனை மாதத்தில் அவள் அதைக் கேட்டது அதுவே முதல் தடவை. மருமகள் பளீரென்றிருந்த கூரையைப் பார்த்தாள்.

"இருட்டா இருக்கு அத்தை. லைட்டைப் போடுங்க."

மாமியார் மறுபேச்சில்லாமல் எழுந்து போட்டாள். வருடங்கள் ஓடிவிட்டன. அந்த அறையில் பொறிகளும் மிதக்கின்றன, நடுப்பகலிலும் விளக்கு எரிகிறது. புதிதாக வருபவர்கள் ஏன் என்று கேட்பார்கள். பழகியவர்கள் அளவைக் கொடுத்துவிட்டுப் போய்விடுவார்கள்.