ஒரு வாளித் தண்ணீர்

"ஓடுங்க அண்ணி!"

அண்ணியின் கையைப் பிடித்து வாசலுக்கு இழுத்தேன். தொட்டி முழுக்க நீலத் தீ. அது தரையோடு தரையாகப் பாய்ந்து, மூடிக் கிடந்த பின்னறைக் கதவுக்கு அடியில் நுழைந்தது.

தெருவைத் தொட்டோமோ இல்லையோ... டமார்! பின்னறைக் கூரை எழும்பி எதிர்க்கடை வாசலில் போய் உட்கார்ந்தது.

முப்பது வருஷம் ஓடிவிட்டது. இன்றும் பெட்ரோல் பங்கைக் கடந்தால் போதும், மூக்கு என்னை அந்தச் சலவைக்கடைக்கே கூட்டிப்போய்விடும். பட்டுத் துணியையும் கம்பளியையும் பெட்ரோலில் அலசிய காலம். அண்ணன் கல்லாவில். நானும் அண்ணியும் தொட்டியில். நாள் முழுக்க அரட்டைதான்.

"உங்க அண்ணனையும் ஒரு முக்கு முக்கினா வெளுத்துடுவாரு!"

"சாயம் போயிடும் அண்ணி. அப்புறம் உங்களுக்கே அடையாளம் தெரியாது!"

கல்லாவிலிருந்து அண்ணன் செருமுவார். நாங்கள் இன்னும் சிரிப்போம்.

ஒன்றில் மட்டும் விளையாட்டே கிடையாது. எரிவது பெட்ரோல் இல்லை, அதன் ஆவி. காற்றைவிடக் கனம். கண்ணுக்குத் தெரியாமல் தரையில் ஊர்ந்து மூலை முடுக்கெல்லாம் தேங்கும். காற்றோடு சரியான அளவில் கலந்துவிட்டால் ஒரு பொறி போதும். உரசிய கம்பளியே அந்தப் பொறியைக் கொடுக்கும். அதனால்தான் தினமும் தரையில் ஒரு வாளித் தண்ணீர். வெறுங்கால். ஈரம் இருந்தால் துணியில் ஏறிய மின்சாரம் சத்தமில்லாமல் தரையில் இறங்கிவிடும். தண்ணீர் ஊற்றுவது அண்ணியின் வேலை.

அன்று அண்ணி கம்பளிக் கோட்டு ஒன்றைத் தூக்கும்போது படபடவென்று பொறி தட்டியது. தரை காய்ந்து கிடந்தது.

"ஒரு வாளி தண்ணிய மறந்தவதானே நீ!" சாகும்வரை அண்ணன் சொல்லிக்காட்டினார். அண்ணியும் நம்பிவிட்டார். அடுப்பை மூன்று தடவை, பூட்டை நாலு தடவை பார்ப்பார்.

நேற்று அவர் மகன் கைக்குழந்தையோடு வந்து நின்றான்.

"ரெண்டு பேரும் வேலைக்குப் போகணும்மா. பகல்ல நீ பாத்துக்கோயேன்."

அண்ணியின் கை ஆசையாய் நீண்டது. பாதியில் மடங்கியது.

"வேணாம்ப்பா. நான் மறதிக்காரி. புள்ளைய எங்கயாவது விட்டுட்டு நிப்பேன். வேற ஆளைப் பாரு."

முகம் தொங்கிப்போய் அவன் செருப்பை மாட்டினான். எனக்குப் பொறுக்கவில்லை.

"நில்லுடா. அண்ணி, நீங்க எதையும் மறக்கல. அன்னைக்கும் தண்ணி ஊத்தினீங்க."

"உளறாதே. காஞ்சு கெடந்துச்சே!"

"முந்தின நாள் அந்த ஈரத்துல வழுக்கிட்டீங்க. தொட்டி விளிம்பு கைக்குக் கிடைச்சதால தப்பிச்சீங்க. இவன் அப்ப உங்க வயித்துல ஏழு மாசம். மறுபடி விழுந்துடுவீங்களோன்னு பயந்து..."

குழந்தை என்னையே பார்த்தது.

"கந்தல் எடுத்து நான்தான் அண்ணி துடைச்சேன்."